அம்மா குளிக்கிறாங்க

கண்ணாடிக்கடைக்காரி வீட்டுக்கு லேண்ட்லைன் போன் வந்தபோது சிரிக்காதவர்கள் குறைவு. இணைப்புக் கொடுக்க வந்தவரே, சுவரில் துளை போடுவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுக்கொண்டார்.

"இன்டர்நெட்டுக்குத்தானே மேடம்? போன் பெட்டியும் நிஜமாவே வேணுமா?"

"பெட்டிதான் வேணும். இன்டர்நெட் வேண்டாம்."

"வீட்ல வயசானவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"என் பொண்ணுக்கு. ஆறு வயசு."

துளைபோடும் இயந்திரத்தைத் தொங்கவிட்டபடி அவர் அவளையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ தண்டனைக்குத்தான் இந்தக் குழந்தைக்குப் போன் வைக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, போகும்போது அதன் தலையை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் காரணமில்லாமல் செய்யவில்லை. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கடை. இரண்டு மாடி ஏறினால் வீடு. பள்ளிக்கூட வேன் பிற்பகலில் குழந்தையை வாசலில் இறக்கிவிடும். அது கடைக்குள் எட்டிப் பார்த்து, "வந்துட்டேன்மா" என்று சொல்லிவிட்டு மேலே ஓடிவிடும். கடை சாத்தும்வரை மாடியில் அதன் ராஜ்யம். அவள் இடையிடையே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஆனால் இருட்டறையில் ஒருவரை உட்காரவைத்து, "இந்த லென்ஸ்ல தெளிவா தெரியுதா, இதுல தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து ஓட முடியுமா? குழந்தைக்கு வேண்டுமென்றால் அவளைக் கூப்பிட ஏதாவது ஒன்று வேண்டும்.

"ஒரு பழைய செல்லைக் குடுத்துடுங்களேன். எல்லாரும் அதான் பண்றாங்க" என்றாள் கடைக்கு வந்த ஒரு தாய். அவள் மடியில் உட்கார்ந்திருந்த நான்கு வயதுப் பையன் படம் ஓடும் போனை மூக்குக்குக் கீழே பிடித்திருந்தான். மூன்றாவது முறையாகக் கண்ணாடியின் பவரை ஏற்ற வந்திருந்தார்கள். எழுத்துப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காகச் சுவரில் வீடு, பூ, மீன் என்று படங்கள் போட்ட அட்டை மாட்டியிருந்தது. அந்தப் பையன் வீட்டைப் பார்த்து மீன் என்றான். மீனைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

"குடுக்கலாங்க. பல் டாக்டர் தன் பிள்ளைக்கு மிட்டாய் டப்பாவைக் குடுத்து உக்கார வெச்ச மாதிரி இருக்கும்" என்றாள் இவள்.

அந்தத் தாய்க்குச் சுருக்கென்றது. "பாருங்க, ரெண்டு மாசத்துல சலிச்சிடும். அதுல என்ன இருக்கு? பாட்டு உண்டா, படம் உண்டா? குழந்தைங்களுக்கு அது பிடிக்கவே பிடிக்காது."

பிடித்தது. அதுதான் யாரும் எதிர்பார்க்காத விஷயம்.

குழந்தைக்கு வீட்டில் பெயர் கடுகு. பிறந்தபோது அவ்வளவு சிறியதாக இருந்தது. காரத்தை அப்புறம்தான் காட்டியது. போன் வந்த அன்றிலிருந்து கடுகின் பேச்சே மாறிவிட்டது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, டயல் டோனைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும். "அது நம்மளுக்காகக் காத்துட்டு இருக்கும்மா. ‘சொல்லு, சொல்லு’ங்குது." சுருள் கம்பியைக் கைவிரல்களில் மோதிரம் மோதிரமாகச் சுற்றிக்கொள்ளும். கடை நம்பரை மனப்பாடம் செய்து, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தபடியே அழுத்தும். "ஹலோ, கண்ணாடிக்கடையா? ஒரு பென்சில் சீவணும், மேல வர முடியுமா?"

வகுப்புத் தோழர்கள் சிலரின் வீடுகளிலும் அப்புறம் போன் பெட்டி வந்தது. ஒரு பையன் தன் நாயின் காதில் ரிசீவரை வைத்துக் கடுகைப் பேசச் சொல்வான். இன்னொரு பெண், கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுவாள், இந்தப் பக்கம் கடுகு, "ஏய், வாயால ஆட்டுடி!" என்று கத்தும். கத்துமே தவிர, அதற்கும் அதே பழக்கம் உண்டு. முகம் தெரியும் போனிலேயே பிறந்ததிலிருந்து பேசிப் பழகிய பிள்ளைகள். குரல் மட்டும்தான் போகிறது என்பது மூளைக்குத் தெரிந்தாலும் கழுத்துக்குத் தெரியவில்லை. கடுகு தான் வரைந்த படத்தை ரிசீவருக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, "பாத்தீங்களாப்பா?" என்று கேட்கும்.

அந்தப் பக்கத்திலிருந்து அப்பா, "ஆஹா! பாத்துட்டேன். அந்த மஞ்சள் சூப்பர்" என்பான். படத்தில் எப்போதும் ஒரு மஞ்சள் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

அப்பா வேறொரு ஊரில் இருந்தான். லிஃப்ட் மாட்டும் கம்பெனியில் மேற்பார்வை வேலை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்று கட்டுகிறார்கள், அங்கே போகிறேன் என்று போன மழைக்காலத்தில் பெட்டியைக் கட்டியவன், வேலைக்காக மட்டும் போகவில்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

சண்டைக்குப் பெயர் செல்போன். "பதினொண்ணரைக்கு ஆன்லைன்ல இருந்திருக்கே. யாரு?" "லென்ஸ் கம்பெனிக்கு ஆர்டர் அனுப்பினேன்." "அந்த நேரத்துல ஆர்டரா?" இப்படித்தான் ஆரம்பிக்கும். அப்புறம் அவள் குளியலறையிலிருந்து வரும்போது அவளுடைய போன் இடம் மாறியிருக்கும். அப்புறம் ரகசிய எண்ணைக் கேட்பான். கொடுத்தால், ‘ஏன் உடனே குடுத்துட்டே, எல்லாத்தையும் அழிச்சிட்டியா?’ கொடுக்காவிட்டால், ‘மடியில கனம் இல்லேன்னா வழியில ஏன் பயம்?’ அவன் கெட்டவன் இல்லை. காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் உட்கார்ந்து விடியும்வரை நெற்றி துடைப்பவன். ஆனால் சந்தேகம் என்று வந்துவிட்டால் வேறு ஆள். ஒரே உடம்புக்குள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் குடும்பம் நடத்துவது? "கொஞ்ச நாள் தள்ளி இருங்க" என்று அவள்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, அவன் சட்டைகளை அவளே மடித்து வைத்தாள்.

லேண்ட்லைன் வந்தபிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அந்தப் பாழாய்ப்போன செல்லில் நாம் இரண்டு பேரும் பேசவே வேண்டாம். கடை சாத்தியபிறகு அவன் வீட்டு நம்பருக்குக் கூப்பிடுவான். குழந்தையோடு பேசுவான். அவ்வளவுதான்.

அவ்வளவோடு அது நிற்கவில்லை. கடுகு பேசி முடித்ததும், "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று கேட்காமலேயே ரிசீவரை நீட்டும். முதலில், "சாப்ட்டாச்சா?" "ம்." பிறகு, "குழந்தைக்குப் பல் ஆடுதாமே." பிறகு எப்போதோ ஒரு நாள் அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். கம்பி நீளம் அவ்வளவுதான். எழுந்து போக முடியாது. அவன் எப்போது கடைசியாக ஆன்லைனில் இருந்தான் என்று காட்ட அந்தப் பெட்டியில் வழியில்லை. நீல டிக் இல்லை, பச்சைப்புள்ளி இல்லை. குரல் மட்டும் வந்தது. கல்யாணம் நிச்சயமான புதிதில் அவன் பேசிய அதே குரல், கொஞ்சம் தயங்கி, வாக்கியத்தின் கடைசியில் லேசாகச் சிரிக்கிற குரல்.

"ஏங்க, எட்டு மாசமாச்சு. உங்க ஆஸ்பத்திரியில லிஃப்ட் மேல போகுதா இல்லையா?"

"போகுது. நான்தான் கீழயே நிக்கறேன்" என்றான். அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் கடுகு ஓடிவந்து, "என்னம்மா, என்ன ஜோக்கு?" என்றது.

உள்ளூர் அலுவலகத்தில் ஒரு இடம் காலியாகிறதாம். கேட்டால் கொடுப்பார்கள். "கேக்கட்டுமா?" என்று அவன் கேட்டான். அவள் கம்பியை விரலில் சுற்றிப் பிரித்தாள். குழந்தையிடமிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம்.

"கேளுங்க" என்றாள்.

அன்றிலிருந்து அவள் அலமாரியில் ஒரு தட்டைக் காலிசெய்ய ஆரம்பித்தாள்.

இதற்கு நடுவில் குழந்தைக்குக் கற்றுக்கொடுத்த சட்டங்களையும் சொல்லவேண்டும். யார் பேசுவது என்று முதலில் கேட்கவேண்டும். வைக்கும்போது, "வெச்சிடறேன்" என்று சொல்லாமல் வைக்கக்கூடாது. மிக முக்கியமான சட்டம், யார் கேட்டாலும் ‘அம்மா இல்லை’ என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது. குழந்தை தனியாக இருப்பது ஊருக்குத் தெரியவேண்டியதில்லை. "அம்மா குளிக்கிறாங்க, அப்புறம் பேசுங்கன்னு சொல்லு."

கடுகு இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. லீவு நாளில் காலையில் குளிக்கிறாங்க. மத்தியானம் குளிக்கிறாங்க. மாலையில், இன்சூரன்ஸ்காரர் நான்கு தடவை கூப்பிட்டு நான்கு தடவையும் குளிக்கிறாங்க. ஐந்தாவது தடவை அவர், "தண்ணி நிக்கற வரைக்கும் நான் வெயிட் பண்றேன் பாப்பா" என்றாராம். அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா, வாரத்துக்கு ஒருமுறை பிற்பகலில் கூப்பிடுவாள். ஒரு நாள் கடைக்கே போன்செய்து, "ஏம்மா, உனக்குச் சளி பிடிக்கப் போகுது. எப்பக் கூப்பிட்டாலும் தண்ணிக்குள்ளயே இருக்கியாமே?" என்றாள்.

இவள் விஷயத்தைச் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்று மாலையே கடுகிடம் சொன்னாள். "அத்தைகிட்டயும் அப்பாகிட்டயும் பொய் வேண்டாம்டா. நான் வீட்ல இருந்தா இருக்கேன்னு சொல்லு."

கடுகு யோசித்தது. "சரி, சொல்றேன்" என்றது. எப்படிச் சொல்லும் என்று அவள் கேட்டுவைக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்குக் கண்வலி வந்தது. கடைக்கு வந்த எவரோ கொடுத்துவிட்டுப் போனது. காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டு, கண் இரண்டும் தக்காளியாகிவிட்டது. கண்ணாடிக்கடையில் சிவந்த கண்ணோடு உட்கார்ந்தால் வியாபாரம் விளங்கின மாதிரிதான். கடையை, லென்ஸ் அறுத்துச் சட்டத்தில் பொருத்தும் ஆளிடம் ஒப்படைத்துவிட்டு மாடியிலேயே இருந்தாள். அந்த ஆளைக் கடுகு ‘ஸ்க்ரூ மாமா’ என்று கூப்பிடும். மீசை நரைத்து, வாயைத் திறந்தால் ஸ்க்ரூ தேய்மானத்தைப் பற்றி மட்டும் பேசுகிற மனிதர். சொட்டு மருந்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஆர்டர் விவரம் கேட்டுவிட்டுப் போவார். குழந்தைக்கு ஒட்டிவிடப் போகிறதே என்று அவள் படுக்கையறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள்.

அப்படிக் கண்ணில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்த ஒரு பிற்பகலில், கூடத்தில் போன் அடித்தது. கடுகின் குரல் கதவு வழியாகக் கேட்டது.

"யார் பேசறீங்க? ஓ, அத்தையா! அம்மாவா? அம்மா இப்பல்லாம் குளிக்காம இருக்காங்க அத்தை!"

பெருமை வழிந்தது அந்தக் குரலில். துணிக்கு அடியில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. குளித்தால் வீட்டில் இல்லை. குளிக்காவிட்டால் வீட்டில் இருக்கிறாள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது! மருந்தின் மயக்கத்தில் அப்படியே தூங்கிப்போனாள். அந்த வாக்கியத்துக்கு இன்னொரு காது இருக்கிறது என்பது அவளுக்கு உறைக்கவில்லை. அவள் தலைமுறையில் பெண்கள் அப்படிப் பேசுவதில்லை. நாத்தனாருடைய தலைமுறையில் ஒரு பெண் குளிக்காமல் இருக்கிறாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாதக்குளியல் நின்றிருக்கிறது; வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. அந்த அர்த்தம் வந்ததும் பழைய குளியல் வேடிக்கை நாத்தனாருக்கு நினைவுக்கே வரவில்லை.

அன்று மாலை அவன் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. வேலை முடிகிற நேரம், ஆய்வுக்கு ஆட்கள் வந்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் பக்கத்திலிருந்து கூப்பிடலாம்தான். ஆனால் அவனுக்கு வீட்டுப் போன் கிடையாது. செல்லுக்குத்தான் போடவேண்டும். ஏற்பாட்டை முதலில் உடைத்தவள் தானாக இருக்கவேண்டாம் என்று பேசாமல் இருந்தாள்.

கண் தெளிந்து கடைக்கு இறங்கினாள். அப்புறம்தான் கவனித்தாள், குழந்தையிடம் ஏதோ மாறியிருந்தது. பிற்பகலில் கடைக்கு வரும் கடுகு உடனே மேலே ஓடவில்லை. "இங்கயே இருக்கட்டுமா?" என்று மூக்குக்கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கியது. பென்சில் சீவக் கூப்பிடவில்லை. நாய் வைத்திருக்கும் பையன் கூப்பிட்டபோது, "நான் தூங்கறேன்னு சொல்லும்மா" என்றது.

"ஏன்டா, போன் பிடிக்கலையா?"

தோளைக் குலுக்கியது.

அந்தத் தாய் சொன்னது சரிதான்போல என்று நினைத்துக்கொண்டாள். ரெண்டு மாசத்தில் சலித்துவிட்டது. பாட்டு உண்டா, படம் உண்டா? கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது, அவ்வளவுதான். குழந்தையைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறவள், ஊரார் பிள்ளைகளின் கண்ணில் கால் பவர் கூடினாலும் கண்டுபிடிக்கிறவள், தன் பிள்ளையின் முகத்தில் இருந்ததைத் தப்பாகப் படித்தாள்.

ஒரு சனிக்கிழமை மாலை, கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுப் படியேறியபோது உள்ளே கடுகு பேசிக்கொண்டிருப்பது கேட்டது. செருப்பைக் கழற்றப் போனவள் நின்றாள்.

"ம்... வந்தாங்க... உள்ளதான் வந்தாங்க... கதவு சாத்தித்தான் இருந்துச்சு... எனக்குத் தெரியாதுப்பா... இல்லப்பா, அம்மாகிட்ட சொல்லல... ப்ராமிஸ் சொல்லல."

குழந்தை சுவரைப் பார்த்து நின்றிருந்தது. சுருள் கம்பியை மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றியிருந்தது; விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அம்மாவைப் பார்த்ததும் ரிசீவரை மேஜைமேல் போட்டுவிட்டு உள்ளே ஓடியது. "வெச்சிடறேன்" என்று சொல்லவில்லை.

அவள் எடுத்தாள். "என்னங்க? இத்தனை நாளா எங்க போனீங்க?"

"யாருன்னு சொல்லு" என்றான்.

"என்ன யாரு?"

"எத்தனை மாசம்?"

"என்னங்க ஒளர்றீங்க?"

"எட்டு மாசமா நான் அந்த வீட்டுப் படி மிதிக்கல. என் அக்கா எனக்குக் கூப்பிட்டு வாழ்த்து சொல்றா. ‘டேய், வந்துட்டுப் போனதைச் சொல்லவே இல்லையே, கடுகுக்குத் தம்பி வரப்போறானாமே’ங்கறா. எனக்கு நிக்கறதுக்குத் தரை இல்ல. நீ குளிக்காம இருக்கேன்னு உன் பொண்ணே சொல்லியிருக்கா. எத்தனை நாளான்னு கேட்டா ரொம்ப நாளாங்கறா. வாந்தி எடுக்கறாளான்னு கேட்டா பதில் சொல்லாம நிக்கறா. மருந்து வாங்கிட்டு வர்றது அந்தக் கடை ஆளு. கதவு சாத்தியிருக்கு. இன்னும் என்ன வேணும்?"

அவளுக்கு எல்லாம் புரிய ஒரு நொடி பிடித்தது. புரிந்ததும் சிரிப்புத்தான் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாந்தி எடுக்கிறாளா என்று கேட்டபோது குழந்தை இல்லை என்று பலமாகத் தலையாட்டியிருக்கும். அந்தத் தலை யாருக்குத் தெரிந்தது? சிரித்துக்கொண்டே சொன்னாள். குளிக்கிற சட்டத்தை, கண்வலியை, சாத்திய கதவை, ஸ்க்ரூ மாமாவை. அவருக்கு வரும் மாதம் பேரக்குழந்தை பிறக்கப் போகிறது என்பதையும் சொன்னாள்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு அவனும் சிரித்தான். அந்தத் தயங்கின, கடைசியில் வருகிற சிரிப்பு.

"அடச்சே. கடுகு படுத்தின பாட்டைப் பாரேன். நான் ஒரு வாரமா சாப்பிடல தெரியுமா? எல்லாம் அக்காவாலதான். சரி, விடு. திங்கட்கிழமை மாற்றல் கேட்டுக் கடிதம் குடுத்துடறேன். அடுத்த வாரம் வந்துடறேன். எல்லாத்தையும் மறந்துடலாம்."

அவள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

"குழந்தைகிட்ட எத்தனை தடவை பேசினீங்க?"

"என்ன?"

"என்கிட்ட ஒரு வாரமா பேசல. குழந்தைகிட்ட எத்தனை தடவை பேசினீங்கன்னு கேக்கறேன். நான் கடையில இருக்கற நேரமாப் பாத்து."

"அது... சும்மா, ரெண்டு மூணு தடவை. விஷயம் தெரியணுமில்ல."

"தெரியணும்னா என்னைக் கேக்கறதுதானே? கடை நம்பர் தெரியாதா?"

"உன்னைக் கேட்டா நீ சொல்லிடுவியா?" வாய் தவறி வந்துவிட்டது. அவனுக்கே கேட்டிருக்கவேண்டும். "இல்ல, அப்படி இல்ல, அந்த நேரத்துல மனசு..."

"அவகிட்ட என்ன கேட்டீங்க?"

"பெருசா ஒண்ணுமில்லம்மா."

"அம்மாகிட்ட சொல்லாதேன்னு சொன்னீங்களா?"

பதில் இல்லை. தலையாட்டுகிறானோ என்னவோ.

"ஆறு வயசு. உங்ககூட பேசறதுக்காக எவ்வளவு நேரமானாலும் முழிச்சிட்டு உக்காந்திருக்கும். அதைக் கூப்பிட்டு உங்கம்மாவை வேவு பாருன்னு சொல்லியிருக்கீங்க."

"ஏய், பெரிய பெரிய வார்த்தையெல்லாம் பேசாதே. ஒரு சொல்லைத் தப்பா புரிஞ்சிக்கிட்டேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. ஒரு வார்த்தைக்காகக் குடும்பத்தை ஒடைப்பியா?"

"அந்த வார்த்தையைச் சொன்னது குழந்தை. அண்ணி அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாங்க. ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோவமில்ல. நீங்க கேட்ட கேள்விங்கதான்... அதை நீங்க தப்பா புரிஞ்சிக்கிட்டுக் கேக்கல. நல்லா யோசிச்சுத்தான் கேட்டிருக்கீங்க."

"மன்னிச்சுக்கோன்னா மன்னிக்க மாட்டியா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் குரலில் இன்னும் ஈரம் இருந்தது. காய்ச்சல் நெற்றியைத் துடைத்த கை அந்தக் குரலில் இருந்தது. வேண்டும் என்றுதான் இருந்தது. மன்னித்துவிட்டேன், வந்துவிடுங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. செல்லில் வேவு பார்த்தான். செல் வேண்டாம் என்றார்கள். படம் இல்லாத, பச்சைப்புள்ளி இல்லாத பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதிலும் அவனுக்கு ஒரு சாவித்துவாரம் கிடைத்துவிட்டது. பெட்டி என்ன செய்யும், பாவம்? நாளைக்கு இதே வீட்டில், இதே கூடத்தில், அவள் கீழே இறங்கியதும் குழந்தையை மடியில் உட்காரவைத்துக்கொண்டு கேட்பான். போனே தேவைப்படாது.

"மன்னிக்கறேன். ஆனா வராதீங்க" என்றாள்.

"என்னது?"

"கடிதம் குடுக்காதீங்க. அங்கயே இருங்க. குழந்தையைப் பாக்கணும்னா நான் கூட்டிட்டு வரேன். நீங்க இங்க வர வேண்டாம்."

அவன் கத்தினான். பிறகு கெஞ்சினான். பிறகு, அவ்வளவு திமிரா, சந்தேகப்பட்டதுல என்ன தப்பு, இப்பவே இப்படின்னா என்று மறுபடி பழைய ஆளாகிவிட்டான். அந்தக் கடைசி வாக்கியம் அவளுக்கு உதவியாகத்தான் இருந்தது. "வெச்சிடறேங்க" என்று சொல்லி வைத்தாள்.

இரவு நாத்தனார் செல்லில் அழுதாள். "நல்ல சேதின்னு நினைச்சுத்தாம்மா சொன்னேன். என் நாக்குல தீய வெக்க." "விடுங்க அண்ணி, உங்க மேல தப்பில்ல" என்றாள் இவள். நான் அவனைக் கூட்டிட்டு வந்து பேசட்டுமா என்று நாத்தனார் கேட்டாள். வேண்டாம் என்றாள். அந்தப் பெண்மணி மேலும் கொஞ்சநேரம் அழுதுவிட்டு, குழந்தை சாப்பிட்டதா என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

குழந்தை சாப்பிடவில்லை. கட்டிலின் ஓரத்தில் சுவரை ஒட்டிப் படுத்திருந்தது. அவள் பக்கத்தில் போய்ப் படுத்தாள்.

"அப்பா வர மாட்டாங்களாம்மா?"

"இப்ப வர மாட்டாங்க."

"நான் தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லடா. நீ சொன்னதெல்லாம் கரெக்ட்டு."

கடுகு நம்பவில்லை. கரெக்ட்டாகச் சொன்னால் ஏன் எல்லோரும் கத்துகிறார்கள் என்று அதற்குத் தோன்றியிருக்கவேண்டும். கொஞ்சநேரம் அவளுடைய வளையலை உருட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா கேக்கறப்ப தெரியாதுன்னு சொன்னேன். தெரியாதுன்னு சொன்னா நல்லா யோசிச்சுப் பாருங்கறாங்க. யோசிச்சா வயிறு வலிக்குது."

அவள் அதன் வயிற்றைத் தடவிக் கொடுத்தாள். தன்னிடம் எத்தனையோ சட்டங்கள் இருந்தன, யார் என்று கேள், இல்லை என்று சொல்லாதே, சொல்லாமல் வைக்காதே. சொந்த அப்பா கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு சட்டம் அவளிடம் இல்லை.

மறுநாள் பிற்பகல் கூடத்துப் போன் அடித்தது. நாய்க்காரப் பையனாக இருக்கலாம், இன்சூரன்ஸ்காரராக இருக்கலாம். மேஜையடியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த கடுகு கிரேயானைக் கீழே போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. அடித்து ஓயும்வரை பொத்திக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமையானதால் அவள் வீட்டில்தான் இருந்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். எடுக்க அவளுக்கும் கை வரவில்லை.

"அம்மா, எனக்கும் படம் ஓடற போன் வேணும்" என்றது கடுகு, காதிலிருந்து கையை எடுத்து.

"அது கண்ணுக்குக் கெடுதல்டா. உனக்குத்தான் தெரியுமே."

"தெரியும். ஆனா அதுல யாரும் நம்மளைக் கேள்வி கேக்க மாட்டாங்க. அதுவா பாடிட்டு இருக்கும்."

அவள் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். அடுப்பைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து தன் செல்லை எடுத்து வந்து, ஒரு பொம்மைப் படத்தை ஓடவிட்டு, குழந்தையின் கையில் கொடுத்தாள்.

கடுகு அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டது. ஒரு கரடி பாடியது. குழந்தையின் தோள் மெல்ல இறங்கியது. வாய் கொஞ்சமாகத் திறந்துகொண்டது. திரையின் வெளிச்சத்தில், எத்தனையோ நாட்களுக்குப் பிறகு, அதன் முகத்தில் பயம் இல்லை.

அவள் எதிரில் உட்கார்ந்து குழந்தையின் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பார்த்தாள். தொழில் பழக்கம், பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"கொஞ்சம் தள்ளிப் பிடிடா" என்றாள்.

குழந்தைக்குக் காதில் விழவில்லை.